பாண்டி ஆளா, பன்றியா

22 ஜனவரி 2007, திங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூர் அலுவலகத்துக்குப் போகும் எங்கள் வேன் இன்றும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நகராமல் நின்றது. எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். வைக்கோல் மேல் ஓர் ஆள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். பிரமீளா கைப்பையிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அவரை வரைந்தாள். ஏழெட்டுக் கோடு இருக்கும். அலுவலகம் போனதும் அதை மேசையில் போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போனாள். அந்தப் பக்கமாக வந்த எங்கள் பாஸ் ஷெனாய் சார் எடுத்துப் பார்த்தார், சிரித்தார், போர்டில் குத்திவிட்டுப் போனார்.

அந்த போர்டுக்குக் கீழேதான் என் இடம். போன வாரத்திலிருந்து ஒரு ராட்சசனின் கவசத்துக்கு ஆணி ஆணியாக வரைந்துகொண்டிருக்கிறேன். என் திரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார்ட்டூன் படம் எடுப்பதற்கு முன்னால் அதில் வரும் ஆள், மிருகம், பேய், வீடு, செருப்பு எல்லாம் எப்படி இருக்கும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த வேலை என்னுடையது. அம்மா பக்கத்து வீட்டில் "பொம்மை வரையிறான்" என்று சொல்வாள். ஆறு வருடமாக வரைகிறேன். பிரமீளாவை இந்தக் கம்பெனிக்குக் கூட்டி வந்தது நான். கட்டிக்கொண்டது அதற்கப்புறம். எலக்ட்ரானிக் சிட்டியில் எல்லோரும் என்னை இப்போது "பிரமீளாவோட ஹஸ்பண்ட்" என்கிறார்கள்.

24 ஜனவரி, புதன்

இன்றும் மீட்டிங்குக்கு அவளைத்தான் கூப்பிட்டார்.

1 பிப்ரவரி, வியாழன்

பெரிய வேலை வந்திருக்கிறது. சென்னைச் சேனல் ஒன்று, குழந்தைகளுக்குத் தமிழிலேயே கார்ட்டூன் தொடர் எடுக்கிறது. வெளிநாட்டுக்காரன் பொம்மைக்கு இங்கே கலர் அடிக்கிற கூலி வேலை இல்லை. முதலிலிருந்து எல்லாம் நாமே.

மூன்று முக்கியமான கதாபாத்திரங்களுக்கு நானும் பிரமீளாவும் தனித்தனியே வரைந்து காட்ட வேண்டும். யாருடையது சேனல்காரர்களுக்குப் பிடிக்கிறதோ அவர்தான் கேரக்டர் லீட். டைட்டிலில் தனி கார்டில் பேர் வரும். இதை ஷெனாய் சார் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "வீட்டில் சண்டை வேண்டாம்" என்று ஒரு ஜோக் வேறு.

வேனில் பிரமீளா, "யாருக்கு வந்தா இன்னா அசோக்? ஒரே வீட்டுக்குத்தானே வருது" என்றாள். சம்பளம் என்றால் ஒரே வீட்டுக்கு வரும். பேர் எப்படி வரும்? ஆறு வருடத்தில் ஒரு டைட்டிலில்கூட என் பேர் இல்லை. "ஆமா, யாருக்கு வந்தா என்ன" என்று நானும் சொன்னேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

நேற்று காவிரித் தீர்ப்பு வந்ததும் பார்டரில் பஸ் நின்றுவிட்டது. ஜூஜூவாடி வரை ஆட்டோ போகிறது, அதற்கு மேல் போலீஸ். வீட்டிலிருந்தே வரையச் சொல்லிவிட்டார் ஷெனாய் சார். சேனல் அனுப்பிய குறிப்பை பிரவுசிங் சென்டரில் இரண்டு பிரதி எடுத்து வந்தேன்.

தமிழ்க் குறிப்புதான். ஆனால் தமிழ் எழுத்து எங்கள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஊர் சுற்றும் பையன் வெற்றி. அவன் தோளில் ஒரு கிளி. மூன்றாவது பாண்டி. வெற்றியின் நண்பன், எந்நேரமும் பசி, சேற்றில் புரளப் பிடிக்கும், படுத்தால் குறட்டை.

பாண்டி என்று படித்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் அம்மாவின் சொந்தத்தில் மட்டும் எத்தனை பாண்டி. அரைஞாண் கயிறு, பட்டன் போன சட்டை, முன்பல் ஒன்று இல்லை. இந்தப் பையனை வேறு யாராலும் வரைய முடியாது. ரொம்ப நாளைக்குப் பிறகு கை தானாக ஓடியது.

சாப்பாட்டு மேசையில் இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். நடுவில் அம்மா வைத்த முறுக்குத் தட்டு.

7 பிப்ரவரி, புதன்

மதியம் முறுக்கு எடுக்கும் சாக்கில் அவள் தாளைப் பார்த்தேன்.

பன்றி.

பையன் இருக்கிறான், கிளி இருக்கிறது, பக்கத்தில் ஒரு பன்றிக்குட்டி. கீழே இங்கிலீஷில் பாண்டி என்று எழுதியிருக்கிறாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிரமீளா வீட்டில் தெலுங்கு. உத்தனப்பள்ளியில் அவள் அம்மா வெங்கடம்மா கோபம் வந்தால் முதலில் சொல்வது இந்த வார்த்தையைத்தான். தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. எங்கள் கல்யாணத்தில் சமையல்காரர் "அடுத்த பந்திக்கு வாங்க" என்று கூப்பிட, அவள் மாமா ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றது எல்லோருக்கும் தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் பாண்டிக்கும் பந்திக்கும் ஒரே ஸ்பெல்லிங். கிளி மிருகக் கணக்கில் வந்துவிட்டதா, சேற்றில் புரளும் என்று வேறு போட்டிருக்கிறார்களா, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"காது கொஞ்சம் பெருசு" என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை.

8 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிடலாம் என்று காலையில் நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை. "அது பையன் பேர்டி" என்றால் முடிந்தது. இன்னும் நாள் இருக்கிறது, அவள் வேகத்துக்கு ஒரு மாலையில் பையனை வரைந்துவிடுவாள். அதுதான் பிரச்சினை. வரைந்துவிடுவாள். என் பையனைவிட நன்றாக வரைந்துவிடுவாள்.

நான் ஏன் சொல்லணும்? பரீட்சையில் பக்கத்து பெஞ்ச்காரனுக்குக் காட்டுகிறோமா? குறிப்பு இருவருக்கும் ஒன்றுதான். நான் ஒழுங்காகப் படித்தேன், அவள் படிக்கவில்லை. ஏமாற்று எதுவும் இல்லை இதில். கேட்டாளா? கேட்டது எப்படி இருக்கு என்று மட்டும்தான். அதற்குப் பதில் சொன்னேனே.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பன்னிக்குட்டி என்னமா முழிக்குது பாரு" என்று சிரித்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

உண்மையில் முழிக்கத்தான் செய்கிறது. திருட்டுத்தனமும் பயமும் ஒன்றாக இருக்கிற முழி. இரண்டு புள்ளி, மேலே ஒரு சின்னக் கோடு. எப்படிடி போடுறே இதை? நான் ஒரு கண்ணுக்கு ஒரு மணி நேரம் எடுக்கிறேன்.

12 பிப்ரவரி, திங்கள்

கர்நாடகாவில் இன்று பந்த். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து போய் வந்தேன். என் பாண்டி முடிந்துவிட்டான். அவள் பன்றிக்குச் சிரிப்பு, அழுகை, பசி, தூக்கம் என்று ஒரு தாள் முழுக்க முகம் வரைந்துவிட்டாள். இனிமேல் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. இதை நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. சீ, என்ன ஆள் நான்.

15 பிப்ரவரி, வியாழன்

எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சேனலிலிருந்து கல்பனா மேடம் வந்திருந்தார். கதை எழுதிய குழுவுக்கு அவர்தான் தலைவி. முதலில் என்னுடையதைப் போட்டார்கள். "நல்லா இருக்கு, நீட்டா இருக்கு" என்றார். பாண்டி வந்ததும் தலையை ஆட்டினார். "இந்தப் பையனை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். பாராட்டு என்று நினைத்தேன். ஷெனாய் சார் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பாராட்டு இல்லை என்று தெரிந்தது.

பிறகு அவளுடையது. பன்றி திரையில் வந்தது. கல்பனா மேடம் குறிப்பைப் புரட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடியும் குறிப்பு. இதற்காகத்தான் நான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அவர் கேட்கட்டும் என்று விட்டிருக்கலாம். நாக்கு அரித்தது.

"மேடம், ஒரு சின்ன விஷயம்" என்றேன். "பிரமீளா வீட்ல தெலுங்கு பேசுவாங்க. தெலுங்குல பந்தின்னா பன்னி. உங்க பாண்டியை அவங்க அப்படிப் படிச்சிட்டாங்க. பாவம், தெரியாமத்தான்."

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரியே வந்தது.

கல்பனா மேடம் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடக் கடவுளே, நாங்க பையனை எழுதினா பன்னி வந்து நிக்குது. அதான் இவ்ளோ நல்லா இருக்கா? இந்தத் தொடரைத் தெலுங்குலயும் கொண்டு போறோம், தெரியுமா? இங்க பேரு, அங்க பன்னி. இதை நாங்களா உக்காந்து யோசிச்சிருந்தா வந்திருக்காது."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் வெறும் தப்பு என்று தள்ளியிருப்பாரோ? பன்றியை விற்றுக்கொடுத்ததே நான்தானோ?

அதோடு முடியவில்லை. ஷெனாய் சார் என் பக்கம் திரும்பினார். "அசோக், உனக்கு முன்னாடியே தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே வரைஞ்சீங்க?" என்று கேட்டார். பிரமீளா என்னைப் பார்த்தாள். அந்த நொடி வரை அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றிவிட்டது. என் கண்ணெதிரிலேயே அவள் முகத்தில் அது வந்து நின்றது.

பிறகு ஷெனாய் சாரைப் பார்த்துச் சொன்னாள். "தெரியும் சார். அவர்தான், பன்னியாவே விடு, புதுசா இருக்குன்னு சொன்னார்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்து.

16 பிப்ரவரி, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்து, அம்மா கோயிலுக்குப் போன பிறகு கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "பின்ன இன்னா சொல்லணும்? என் வீட்டுக்காரரு நான் அசிங்கப்படறத பாக்கறதுக்கு வாய மூடிகினு இருந்தாருன்னு சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க."

நீங்க.

அம்மா எதிரில் அவள் எனக்கு எப்போதும் நீங்கதான். அம்மா இல்லாவிட்டால் நீ, அசோக், டேய் எல்லாம் வரும். நேற்று வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

26 பிப்ரவரி, திங்கள்

அவள்தான் லீட். நான் அவளுக்குக் கீழே. ஷெனாய் சார் எனக்கும் கை கொடுத்தார். "உன்னை மாதிரி ஹஸ்பண்ட் எல்லோருக்கும் கிடைக்காது" என்றார்.

9 மார்ச், வெள்ளி

காப்பாற்றினாளாம். யார் கேட்டது? என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்போம், முடிந்திருக்கும். இப்போது கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட, "சார், நீங்கதானே மேடத்துக்கு ஐடியா கொடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள். நான் தலையை ஆட்ட வேண்டியிருக்கிறது. திறமைதான் அவளுக்கு அதிகம் என்று நினைத்திருந்தேன். மனசும் அவளுக்குப் பெரிது என்று காட்டிவிட்டாள். ஊருக்குத் தெரியாது என்பது வேறு. எனக்குத் தெரிகிறதே.

இதையும் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். பொறாமைப்பட இனி எதை விட்டுவைத்தேன்?

18 ஏப்ரல், புதன்

பன்றியை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைந்து கொடுக்க வேண்டியது என் வேலை. முன்னால், பின்னால், பக்கவாட்டில். அனிமேட்டர்கள் அதைப் பார்த்துத்தான் அசைப்பார்கள். பக்கவாட்டில் காது எனக்கு வரவே இல்லை. முயல் மாதிரி வருகிறது, இல்லாவிட்டால் வெற்றிலை மாதிரி. பிரமீளா பின்னால் வந்து நின்றாள். என் பென்சிலை வாங்கவில்லை, தன்னுடையதால் ஒரே கோடு போட்டாள்.

"இப்படி மடிஞ்சு வரணும். நீங்க ரொம்ப நேரா போடறீங்க."

"சரிங்க மேடம்" என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆள் மேசைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கோட்டை அழித்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். வரவில்லை. மறுபடியும் அவள் போட்ட இடத்தில், அமுங்கியிருந்த தடத்தின் மேலேயே போட்டேன்.

3 ஜூன், ஞாயிறு

உத்தனப்பள்ளி போயிருந்தோம். வெங்கடம்மா அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், மகள் டிவியில் பன்றி விடுகிறாள் என்று. பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துகொண்டு வரையச் சொல்லிக் கேட்டார்கள். அவள் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சொல்லி வரைந்தாள். ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்து ஒருத்தி, "மாமாக்கும் வரைய வருமா?" என்று தமிழில் கேட்டாள். பிரமீளா, "மாமாதான் அக்காக்குக் கத்துக் குடுத்தாரு" என்றாள். எப்போதும் இப்படித்தான். யார் எதிரிலும் என்னை விட்டுக்கொடுப்பதில்லை.

திரும்பி வரும்போது ராயக்கோட்டை ரோட்டில் வண்டியை நிறுத்தினேன். டீ சாப்பிடலாமா என்றேன். சரி என்றாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஸாரி பிரமி. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

"எதுக்கு ஸாரி? நல்லதுதானே ஆச்சு. நீங்க சொல்லியிருந்தா நானும் ஒரு பையனத்தான் போட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்க வாய் வரவில்லை. மன்னிக்கிற அளவுக்கு அவள் அதைப் பெரிதாக வைத்திருக்கிறாளா என்பதே தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்தவள் என் தோளைப் பிடிக்கவில்லை, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

16 செப்டம்பர், ஞாயிறு

முதல் எபிசோட் வந்தது. அம்மா தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். டைட்டில் பாட்டு முடிகிற இடத்தில் தனி கார்ட். கேரக்டர் டிசைன் என்று போட்டு, மேலே பிரமீளா, கீழே அசோக்குமார்.

லீடுக்கு மட்டும்தான் தனி கார்ட் என்று ஷெனாய் சார் சொல்லியிருந்தார். யார் சொல்லி என் பேர் சேர்ந்தது என்று கேட்கத் தேவையில்லை.

ஆறு வருடமாக இதற்குத்தான் ஏங்கினேன். திரையில் என் பேரைப் பார்த்து அம்மா அழுதாள். மாரிமுத்து அண்ணன், கீழ் வீட்டுக்காரர், என் முதுகில் தட்டினார். நான் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் எடுத்து வந்தேன்.

பன்றி வந்த இடத்தில் எல்லாம் பிள்ளைகள் உருண்டார்கள். பக்கவாட்டில் காது நன்றாகவே இருந்தது.

28 அக்டோபர், ஞாயிறு

அதே சேனலில் அடுத்த தொடர். குறிப்பு வந்திருக்கிறது, இதுவும் இங்கிலீஷ் எழுத்தில்தான். இந்த முறை போட்டி கிடையாது. பிரமீளா வரைவாள், நான் கூட இருப்பேன்.

மதியம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் இருந்தோம். பிரமீளா சாப்பிட்டு முடித்துவிட்டுத் தாளை எடுத்து வைத்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. அவள் பென்சிலால் ஒரு பேரைத் தொட்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. செவலை. எங்கள் பக்கத்து வார்த்தை, அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். கேட்பாள் என்று சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"அத்தை, செவலைன்னா இன்னா? ஆளா, மாடா?"

அம்மாவுக்கு ஆச்சரியம். "ஏம்மா, அவென்ட்ட கேக்க வேண்டியதுதான? பக்கத்துலதான உக்காந்துருக்கான்."

"நீங்க சொல்லுங்க அத்தை."

அம்மா சொன்னாள். செவப்பா இருக்கிற மாட்டைச் சொல்வோம், நாயைச் சொல்வோம், சேவல்கூட உண்டு. பிரமீளா ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆளையும் அப்படிக் கூப்பிடுவது உண்டு, செக்கச்செவேல் என்று இருக்கிறவனை. அதை அம்மா விட்டுவிட்டாள்.

"பிரமி, ஆளையும் சொல்வாங்க" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அப்படியா அத்தை?"

"ஆமாமா, சொல்றதுதான்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் எழுதினாள்.